உள்ளறைக்கு ஒரு வைஃபை

மாணிக்கவாசகத்துக்குக் கம்பியின் மேல்தான் நம்பிக்கை. விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்த கையோடு மத்திய அரசின் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தவர், பணி ஓய்வு பெறும்வரை மேற்குத் தில்லியின் சாலைகளைத் தோண்டிக் கேபிள்களைப் பழுது பார்த்தும், பழுது பார்ப்பவர்களை மேய்த்தும் காலம் கழித்தார். மழை வந்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். அவர் தரையைப் பார்ப்பார். எந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், எந்த ஜாயின்ட் ஊறியிருக்கும் என்பதுதான் அவர் கவலை. "கம்பியில கோளாறுன்னா தோண்டிப் பாத்துரலாம். காத்துல வர்றதுல கோளாறுன்னா எங்க போய்த் தோண்டுறது?" என்று கைபேசி வந்த புதிதிலேயே கேட்டவர்.

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பைக் காலி செய்து ஜனக்புரியில் இரண்டாவது மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, இணைய இணைப்பை அவரே நின்று போட வைத்தார். பால்கனி வழியாக வந்த கம்பி சுவரோரமாக, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப்பாக, முன்னறை மேஜையில் இருந்த கணினி வரைக்கும் வந்தது. அதோடு சரி. வந்து பார்த்த நண்பர்களிடம் அந்தக் கம்பியைக் காட்டி, "எங்கயாவது தொங்குதா, பாருங்க" என்பார்.

அவர் மனைவி தமிழ்செல்வி அருப்புக்கோட்டைக்காரி. தமிழில் எம்.ஏ. படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் மந்திர் மார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அழைப்பு வந்தது. அப்போது அபூர்வா வயிற்றில். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாணிக்கவாசகம். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. மகள் வளர்ந்தாள், மாமியார் வந்து படுத்தார், போனார், மகளுக்குக் கல்யாணமாகி அவள் பெங்களூருக்குப் போனாள். தமிழ்செல்வியை யாரும் டீச்சர் என்று கூப்பிடாமலே அவளுக்கு அறுபது வயது கடந்துவிட்டது.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் அது நடந்தது. துவாரகாவில் வக்கீலாக இருக்கும் ஸ்நேகா என்ற பெண், தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இதுல என்ன எழுதியிருக்கு? பேசுவேன், ஆனா படிக்க வராது. என் பேரே தமிழ்ல எப்படி இருக்கும்னு தெரியாது, சச்சி, நெஜமா!"

தமிழ்செல்வி இலையைத் தள்ளி வைத்துவிட்டு, பத்திரிகையின் பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதிக் காட்டினாள். ஸ்நேகா அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் தன்னைப் போலவே தமிழ் பேச மட்டும் தெரிந்த நாலைந்து தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஃபோன் செய்தாள். வங்கியில் வேலை பார்க்கும் சுஷ்மா, குருகிராமில் இருக்கும் ஒரு டாக்டர், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள். எல்லோருக்கும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்படித்தான் முன்னறைக் கணினியில் வாரம் இரண்டு மாலை வகுப்பு ஆரம்பமானது.

முதல் நாள் தமிழ்செல்வி பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாணிக்கவாசகம் சோபாவில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு இருந்தார். திரையில் ஐந்து முகங்கள். "வணக்கம் டீச்சர்!" என்று ஐந்தும் ஒன்றாகக் கத்தியபோது, அவள் புடவைத் தலைப்பால் ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். பார்க்காதது போல் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு வகுப்பு நாட்களில் அவர் நடைப்பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டார். கேட்டால் மாசு அதிகம் என்பார். சோபாவில் இருந்தபடியே நடுவில் புகுந்து பேசவும் செய்வார். "அது 'நாற்காலி'. அழுத்திச் சொல்லச் சொல்லு" என்பார். தமிழ்செல்வி திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். அந்தப் பெண்கள் "அங்கிள் பெயிலாக்கிடுவார்" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தொண்டை திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் சிரிப்பு. கல்யாணமான இத்தனை காலத்தில் அவர் அதை அதிகம் கேட்டதில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு முதுகுவலி வந்தது. கணினி முன்னால் இருந்த மர நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பிலிருந்து கால்வரை இழுத்தது. தலையணை வைத்துப் பார்த்தாள், நின்றுகொண்டே பாடம் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் இரவுச் சாப்பாடு பரிமாறும்போது சொன்னாள்.

"என்னங்க, வைஃபை போட்டுருவமே. அபூர்வாவோட பழைய லேப்டாப் சும்மாதான கெடக்கு. நான் உள்ளறையில கட்டில்ல சாஞ்சுக்கிட்டுப் பாடம் எடுத்துக்குவேன். ஒங்களுக்கும் டிவி பாக்கத் தொந்தரவு இருக்காது."

"எனக்கு என்ன தொந்தரவு? நான் சொன்னேனா?"

"சொல்லலை. முதுகு முடியலைங்கிறேன்."

"வைஃபைல ஸ்பீடு பாதியாப் போயிரும். பக்கத்து வீட்டுக்காரன் நம்ம சிக்னலை எடுத்துக்குவான். அதுலருந்து வர்ற கதிர் ஒடம்புக்கு ஆகாது. நல்ல கம்பி இருக்கும்போது அது எதுக்கு?"

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

பொங்கலுக்கு வந்த அபூர்வா, விஷயத்தைக் கேள்விப்பட்டு, மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ரௌட்டர் வாங்கி வந்தாள். "அப்பா, சிம்பிள். மோடத்துலேர்ந்து ஒரு சின்ன வயர் இதுல குத்தணும், பேர் வைக்கணும், பாஸ்வேர்ட் வைக்கணும். அவ்ளோதான். நான் பண்ணட்டுமா?" என்றாள்.

"இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன். எனக்குத் தெரியாததா?" என்று வாங்கி இரும்பு பீரோவின் தலையில் வைத்தார். அபூர்வா ஊருக்குப் போனபிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

ஸ்பீடு, பக்கத்து வீட்டுக்காரன், கதிர் எல்லாமே சாக்கு என்பது அவருக்கே தெரியும். உள்ளறைக்குப் போனால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் குரலும் சிரிப்பும் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். முன்னறையில் அவரும் தொலைக்காட்சியும் மட்டும் மிஞ்சுவார்கள். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? நீ பாடம் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது என்று, வேலைக்கு அடுத்த வருஷம் போகலாம் என்று ஒரு காலத்தில் தடுத்தவர் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

ஆனால் அவள் வலியில் முகம் சுளிப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அவருக்கு ஒரு வழி தோன்றியது. பழைய சாமான்களுக்கு நடுவில் ஒரு நீளமான கேபிள் சுருள் இருந்தது. அதை மோடத்தில் செருகி, முன்னறையிலிருந்து நடைவழியாக உள்ளறைக்கு இழுத்துக் கட்டிலருகே லேப்டாப்பில் பொருத்தினார். சரியாக வேலை செய்தது.

"பாத்தியா? கட்டில்லயே ஒக்காந்து எடு. கம்பின்னா கம்பிதான்."

தமிழ்செல்வி தரையைப் பார்த்தாள். நடைவழியில் கேபிள் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. "இது காலுல தட்டாதா?"

"இப்போதைக்குத்தான். ஞாயித்துக்கிழமை கிளிப் அடிச்சுச் சுவருல ஏத்திர்றேன். நெலைச்சட்டத்துல ஓட்டை போடணும், மிஷின் வேணும்."

இரண்டு இடங்களில் மட்டும் டேப் ஒட்டினார். நடைபாதையில் கம்பியைத் தொங்கவிட்டுப் போன லைன்மேன்களை வேலையில் இருந்த காலத்தில் அவர் எவ்வளவோ வைதிருக்கிறார். தன் வீட்டு நடைவழி என்றபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஒருநாள் வெயில், ஒருநாள் விருந்தாளி, ஒருநாள் சோம்பல். இன்னொன்றும் இருந்தது. அது தடித்த கேபிள். அது வாசற்படியில் குறுக்கே கிடந்ததால் உள்ளறைக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கு வழியாக வகுப்பு அவருக்கு முன்னறையில் கேட்டது. சட்டத்தில் ஓட்டை போட்டு ஏற்றிவிட்டால் கதவு சாத்தும்.

மே மாதம் ஒரு மாலை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஸ்நேகா ஒரு குட்டிக் கதையை முழுதாக, திக்காமல், முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஆந்தி வந்தது. தில்லியின் புழுதிப்புயல் சொல்லிக்கொண்டு வராது. பளீரென்று இருந்த வானம் செம்பழுப்பாகி, அடுத்த நிமிஷம் இருட்டாகி, எங்கோ தகரம் ஒன்று தடதடத்தது. மின்சாரம் போயிற்று. பால்கனிக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. மாணிக்கவாசகம் ஜன்னல்களைச் சாத்த ஓடினார். கொடியில் காய்ந்த துணிகள் பறக்கத் தொடங்கியிருந்தன.

"செல்வி! துணி, துணி! ஜல்தி வா!"

உள்ளறையிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்டது. அப்புறம் வேறொரு சத்தம் கேட்டது. அவர் புழுதியில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார். நடைவழி இருட்டில் தமிழ்செல்வி ஒருக்களித்துக் கிடந்தாள். கேபிள் அவள் கணுக்காலில் சுற்றியிருந்தது.

"தூக்காதீக" என்றாள். "தூக்காதீக. என்னமோ ஒடைஞ்சிருச்சு."

எதிர்வீட்டுக் குரானாவும் காவலாளியும் அவளை நாற்காலியில் வைத்து இரண்டு மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மருத்துவமனையில் இடுப்பு மூட்டு முறிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"தார்" என்றாள் தமிழ்செல்வி. கம்பி. அவ்வளவுதான். யார் போட்ட கம்பி என்று டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாணிக்கவாசகம் கையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை விமானத்தில் அபூர்வா வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் நடைவழியில் நின்றுவிட்டாள். எங்கும் செம்புழுதி படிந்திருந்தது. கேபிள் அப்படியே கிடந்தது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து டேப்பைப் பிய்த்து, கேபிளை முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்து, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த ரௌட்டர் எங்கப்பா?"

பீரோவின் தலையிலிருந்து அவரே எடுத்தார். அட்டைப்பெட்டியின் மேலும் புழுதி. பிரித்தார். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவில் குட்டிக் கம்பி ஒன்றைச் செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கைபேசியைத் திறந்து, அது கேட்டதற்கெல்லாம் பதில் கொடுத்தார்.

"பேர் என்ன வைக்கணும்ங்குது."

"உங்க இஷ்டம்" என்றாள் அபூர்வா, புடவைகளை மடித்தபடி.

அவர் 'தமிழ்செல்வி' என்று வைத்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். நடைவழியில் சிக்னல் இருந்தது. சமையலறையில் இருந்தது. உள்ளறையில் கட்டிலின் தலைமாட்டில் வைத்துப் பார்த்தார். அங்கும் முழுதாக இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று அவருக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அபூர்வா கூப்பிட்டுக்கூட எழுந்திருக்கவில்லை.

தமிழ்செல்வி வீடு திரும்பினாள். முதலில் கட்டில், பிறகு வாக்கர், பிறகு கைத்தடி. சமையலுக்கு ஒரு அம்மாளை வைத்தார்கள். மாணிக்கவாசகம் மாத்திரை எடுத்துக்கொடுத்தார், கால் பிடித்துவிட்டார், தலை வாரிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். அவள் ஒருநாளும் அந்தக் கேபிளைப் பற்றி வாய் திறக்கவில்லை. வைஃபை போட்டிருப்பதைச் சொன்னபோது, "அப்பிடியா, நல்லது" என்றாள்.

வகுப்பு நின்று நாளாகியிருந்தது. ஸ்நேகாவும் சுஷ்மாவும் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். "டீச்சர், நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப ஸ்டார்ட் பண்ணலாம்" என்றார்கள். மற்றவர்கள் வேறு எங்கோ சேர்ந்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். தமிழ்செல்வி, "சேரட்டும், படிச்சாச் சரிதான்" என்றாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் இளகியிருந்த ஒரு மத்தியானம், மாணிக்கவாசகம் லேப்டாப்பைத் துடைத்துக் கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தார்.

"செல்வி, மறுபடி ஆரம்பியேன். ரெண்டு பேர் இருந்தாலும் போதும்ல. இப்ப இங்கயே வருது. வயரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. ஒக்காந்தா வலிக்குது, மாத்திரை போட்டாத் தூக்கமா வருது. பாடம் எடுக்கணும்னா முந்துன நாளே மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும் எனக்கு. இந்த வார்த்தைய எப்பிடிச் சொல்லலாம், எதைச் சொன்னாச் சிரிப்பாளுகன்னு. இப்ப ஒண்ணும் ஓட மாட்டேங்குது. கேட்டப்ப குடுத்திருந்தீகன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்ன ஒரே குறை அதுதான், அதையும் முடிக்கவில்லை.

மாணிக்கவாசகம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார். திரும்பிப் பேசத் தைரியம் வரவில்லை.

"ஸ்பீடு, கதிர்னு சொன்னதெல்லாம் சும்மா. நீ முன்னறையில பாடம் எடுக்கிறப்ப நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்ல. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. உள்ள வந்துட்டா கதவைச் சாத்திருவியேன்னு இருந்துச்சு. அதான்."

அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை. ஆச்சரியமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சொல்லியிருக்கக் கூடாதாங்க? கதவைத் தொறந்தே வச்சிருப்பேனே."

அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் அந்த வாக்கியத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் அது புதிதாக வலித்தது. அவர் கேட்டிருக்க வேண்டியது அவ்வளவு சின்ன விஷயம். அவள் கொடுக்கத் தயாராகவும் இருந்தாள். பெரிய விஷயமாக இருந்து அவள் மறுத்திருந்தால்கூட மனசு ஒருவிதமாகச் சமாதானம் ஆகியிருக்கும்.

லிஃப்ட் இல்லாத வீட்டில் இனி இருக்க முடியாது என்று அபூர்வா பிடிவாதமாக இருந்தாள். பொங்கல் முடிந்ததும் இருவரும் பெங்களூருக்குப் போவதென்று முடிவாயிற்று. தில்லியை விட்டுப் போவதில் மாணிக்கவாசகத்துக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த முறை அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பழைய மாணவிகள் ஐந்து பேரும் சொல்லிவைத்துக்கொண்டு வந்தார்கள். சுஷ்மா குழந்தையைத் தூக்கி வந்திருந்தாள். பால்கனியில் குளிர்கால வெயில் விழுந்திருந்தது. அங்கே நாற்காலிகள் போட்டு நடுவில் தமிழ்செல்வியை மெத்தை வைத்து உட்கார வைத்தார்கள். ஸ்நேகா பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தாள். அவள் தங்கையின் கல்யாணப் பத்திரிகை; தமிழ்ப் பக்கத்தை அவளே எழுதி அச்சுக்குக் கொடுத்தாளாம்.

"தப்பு இருந்தா இப்பவே சொல்லிடாதீங்க டீச்சர், அழுதுடுவேன்" என்றாள். பிறகு வாசித்தாள். 'நிகழும்' என்ற இடத்தில் ழ வழுக்கி ல ஆயிற்று. தமிழ்செல்வி சும்மா இருப்பாளா? "நாக்கை மடி, இன்னும் மடி" என்று வாயைத் திறந்து காட்டினாள். சுஷ்மாவின் குழந்தை அதைப் பார்த்துத் தானும் நாக்கை மடிக்கப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்செல்வியும் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்; இடுப்பு வலிக்க, கையால் அழுத்திக்கொண்டே சிரித்தாள்.

சமையல்காரம்மாளுக்கு அன்று விடுமுறை. மாணிக்கவாசகம் எல்லோருக்கும் தேநீர் போட உள்ளே போனார். தண்ணீர் கொதித்தது. தேயிலையும் சர்க்கரையும் அகப்பட்டன. இஞ்சியைத்தான் காணோம். பாதி சாமான்கள் பெங்களூருக்குப் போகும் பெட்டிகளில் இருந்தன. எங்கே வைத்திருக்கிறாய் என்று கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாசல்வரை வந்தார். அவள் ஏதோ ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பிப் போய் இஞ்சி இல்லாமலே தேநீர் போட்டார்.